மெய்நிகர் யந்திரத்தில் வரைபட மென்பொருள்: வேகத்தை ஒப்பிடும் முறை

கேரளத்து அரசாங்கப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் இயங்குவது, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம் தயாரித்து வழங்கும் லினக்ஸ் வகை இயங்குதளமாகும். 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டமாகத் தொடங்கிய இம்முயற்சி 2017-இல் தனி நிறுவனமாயிற்று. பொறியியல் வரைபடத்துக்குப் பெரிதும் கையாளப்படும் ஆட்டோகேட் மென்பொருளோ, விண்டோஸ், மேக் ஆகிய தளங்களுக்கென்றே தயாரிக்கப்படுகிறது. லினக்ஸை நீக்காமலே அதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு உள்ள வழிகளுள் ஒன்று மெய்நிகர் யந்திரம். அதில் வேகம் குறையுமா என்பதே எவரும் முதலில் கேட்கும் வினா.

மெய்நிகர் யந்திரமாவது, ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணிப்பொறி. சிலர் இதனை மாய யந்திரம் என்று மொழிபெயர்க்கின்றனர், அது பொருந்தாது. அது உண்ணும் மின்சாரமும் நினைவகமும் மாயமல்லவே! ஒரு வீட்டைத் தடுத்து இரு குடித்தனம் வைப்பது போன்ற ஏற்பாடு இது. கிணறு ஒன்றே, இறைப்பவர் இருவர். முறை வைத்துப் பங்கிடும் நிரலுக்கு மேற்பார்வை நிரல் என்று பெயர். 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் பெருங்கணிப்பொறிகளில் இதனைச் செய்து காட்டினர். மேசைக் கணிப்பொறிகளின் செயலிகளில் இதற்கென்றே தனி அமைப்புகள் 2005, 2006-ஆம் ஆண்டுகளில்தான் இடம்பெற்றன.

அவ்வமைப்புகள் வந்தபின், கூட்டல், பெருக்கல் போன்ற சாதாரணக் கட்டளைகளை மேற்பார்வை நிரல் இடைமறிப்பதில்லை. செயலி அவற்றை நேராகவே நிறைவேற்றுகிறது. ஆகவே ஒரு பாலத்தின் உத்தரம் எவ்வளவு வளையும் என்பது போன்ற கணக்கீட்டில் இழப்பு பெரும்பாலும் சிறிதே. நினைவக முகவரியை இருமுறை மாற்றிக் காணவேண்டியிருப்பதால் ஓரளவு தாமதம் உண்டாகும். வட்டிலிருந்து பெரிய கோப்பைத் திறக்கையில் தாமதம் இன்னும் சற்றுக் கூடலாம்.

இழப்பு மிகுவது திரையில்தான். முப்பரிமாண உருவம் ஒன்றைச் சுழற்றும்போது, அதன் ஆயிரக்கணக்கான முக்கோணங்களை நொடிக்குப் பலமுறை புதிதாக வரையவேண்டும். இவ்வேலைக்குரியது வரைகலைச் செயலி. மெய்நிகர் யந்திரத்துக்கு வழக்கமாகக் கிடைப்பதோ அச்செயலியன்று, அதன் போலி. போலிக்கு இடப்படும் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டே உண்மைச் செயலியைச் சேர்கிறது. உண்மைச் செயலியையே மெய்நிகர் யந்திரத்துக்கு முழுதும் ஒப்படைக்கும் முறையும் உண்டு. அதனால் வேகம் பெரும்பாலும் மீளும். ஆனால் அதே செயலியை வெளித்தளம் அவ்வேளையில் பயன்படுத்த இயலாது.

வரைகலைச் செயலியின் ஆற்றல் படம் வரைவதோடு நிற்பதன்று. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே 2-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட 'சாகா-220' மீக்கணிப்பொறியில் 400 வரைகலைச் செயலிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஏவூர்திகளைச் சூழ்ந்த காற்றோட்டம் முதலிய கணக்குகளுக்காக அமைந்த அதன் உச்ச வேகம் நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்கீடுகள். இத்தகைய செயலியை மறைத்து வைத்துவிட்டு அளந்தால் விடை எவ்வளவு மாறும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

எனவே, 'மெய்நிகர் யந்திரம் இத்தனை சதவீதம் மந்தம்' என்று ஒரே எண்ணால் கூறுவது தவறாகும். கோப்பைத் திறத்தல், உருவத்தைச் சுழற்றுதல், கணக்கீடு ஆகிய மூன்றையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். மென்பொருளின் பதிப்பும் வரைபடமும் ஒன்றாகவே இருத்தல் அவசியம். இயங்குதளமும் மாறிவிடுமாயின், தெரியவரும் வேற்றுமை எதனால் விளைந்ததென்று கூற இயலாது. நான்கு செயலிக் கூறுகளில் நேராக ஓடியதை, இரண்டே கூறுகள் பெற்ற மெய்நிகர் யந்திரத்தோடு ஒப்பிடுவதும் நியாயமன்று. இருக்கும் நினைவகம் முழுவதையும் உள் யந்திரத்துக்கே ஈந்துவிட்டாலோ, வெளித்தளம் மூச்சுத் திணறி வட்டை நாடும். அப்போது இரண்டும் தவிக்கும்.

முதல் ஓட்டத்தைக் கணக்கில் கொள்ளற்க. வட்டிலிருந்து படித்தவை நினைவகத்தில் தங்கிவிடுவதால் அடுத்த ஓட்டங்கள் விரைந்து முடியும். பின்னர் ஐந்து முறை ஓட்டி, கிடைத்த நேரங்களை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று பலர் அறியாதது. மெய்நிகர் யந்திரத்தின் கடிகாரத்தை முற்றும் நம்புதல் ஆகாது. மேற்பார்வை நிரல் அதனைச் சிறிது நிறுத்தி வைக்கும்போது உள்ளிருக்கும் கடிகாரமும் பிந்தக்கூடும். நேரம் குறைவாகவே ஆனதுபோலத் தோன்றும். ஆதலால் நீண்ட ஓட்டங்களைக் கைக்கடிகாரத்தாலோ, விளையாட்டு ஆசிரியரிடமுள்ள நிறுத்து கடிகாரத்தாலோ அளப்பதே நன்று.