கை தட்டினோம், கல்லும் எறிந்தோம்

டாக்டரை அடிச்சிட்டாங்க, நர்சைத் தாக்கிட்டாங்கன்னு அடிக்கடி செய்தி வருது. உடனே செல்போனில் ஆளாளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். மக்கள் என்ன சொல்றாங்க, அதனால் என்ன நடக்குது? சென்னையில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்துப் பார்ப்போம்.

முதல் சம்பவம்

கொரோனா நேரம். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் மக்கள் வாசலில் நின்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கை தட்டினார்கள். ஒரு மாசம்கூட ஆகல. ஏப்ரல் 19-ஆம் தேதி நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் மறித்தது. அங்கிருந்து வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களுக்கு ரத்தக் காயம். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர், நள்ளிரவில் போலீஸ் பாதுகாப்போடு, தானே மண்ணை அள்ளிப் போட்டுப் புதைத்தார்.

ஏன் அடித்தார்கள்?

"புதைச்சா ஊருக்கே கொரோனா பரவும்" என்ற வதந்திதான் காரணம். உண்மையில் அந்தக் கிருமி, உயிரோடு இருப்பவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும்தான் பரவுகிறது. முறைப்படி ஆழமாகப் புதைத்த உடலால் ஆபத்து இல்லை.

பிறகு நண்பர் டாக்டர் அழுதுகொண்டே பேசிய வீடியோ பரவியது. பார்த்தவர்கள் வெட்கப்பட்டார்கள், கோபப்பட்டார்கள். நடிகர் விஜயகாந்த் தன் கல்லூரி நிலத்தில் இடம் தருவதாகச் சொன்னார். பலர் கைதானார்கள். அடக்கத்தைத் தடுத்தால் 1 முதல் 3 ஆண்டு சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. வதந்தியைக் கொண்டு வந்ததும் செல்போன், வருத்தத்தைக் கொண்டு வந்ததும் அதே செல்போன்!

இரண்டாவது சம்பவம்

2024 நவம்பர் 13. கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை, அங்கே சிகிச்சை பெற்ற ஒரு அம்மாவின் மகன் கத்தியால் குத்தினார். நல்ல வேளை, டாக்டர் பிழைத்தார். இந்தத் தடவை மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். டாக்டருக்காக வருந்தியவர்கள் ஒரு பக்கம். "அம்மாவுக்குச் சரியா பாக்கலன்னா பையனுக்குக் கோபம் வராதா?" என்றவர்கள் இன்னொரு பக்கம்.

கோபம் வரலாம். அம்மா படும் வேதனையைப் பார்க்கிற பிள்ளைக்கு வராமல் இருக்குமா? ஆனால் புகார் சொல்ல வழி இருக்கு. மருத்துவமனைக் கண்காணிப்பாளர், மருத்துவ கவுன்சில், நுகர்வோர் நீதிமன்றம் என்று எத்தனையோ. கத்தி எடுத்தால் குத்துப்பட்டவர் மட்டுமா பாதிக்கப்படுகிறார்? மறுநாள் அவரைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டிய நோயாளிகளும்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. டாக்டர், நர்ஸ், ஊழியர் யாரைத் தாக்கினாலும் 3 முதல் 10 ஆண்டு சிறை. அப்படியும் தாக்குதல் நிற்கவில்லை. ஏன்னா, அடிக்கிறவரும் "அடிச்சது சரிதான்"னு சொல்றவரும் ஊருக்குள்ள இருக்காங்க.

நாம் என்ன செய்யலாம்?

1. நோயைப் பற்றி பயமுறுத்தும் செய்தி வந்தால், ஆசிரியரிடமோ சுகாதார நிலையத்திலோ கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீங்க.

2. "நல்லா வேணும்"னு எழுதுறதுக்கு முன்னாடி, அந்த இடத்தில் நம்ம தெரு நர்ஸ் அக்கா இருந்தால் என்று யோசிங்க.

3. ஆஸ்பத்திரியில் வீட்டுப் பெரியவர்கள் கோபப்பட்டால் கையைப் பிடித்து உட்கார வையுங்க. டாக்டரிடம் நிதானமாகக் கேட்கச் சொல்லுங்க. அதுக்கு நமக்கு வயசு போதும்.