உட்கருவை விட்டு வெளியேறும் புரதம்

பிள்ளைகளே, நம் உயிரணுக்களில் இருக்கும் டி.என்.ஏ. இழை நாள்தோறும் சேதமடைந்துகொண்டே இருக்கிறது. அதைப் பழுதுபார்க்கும் புரதங்கள் இருப்பதால்தான் நாம் நலமாக இருக்கிறோம். அவற்றுள் ஒன்று பி.ஆர்.சி.ஏ.2. இழை முறிந்த இடத்துக்கு ராட்51 என்ற இன்னொரு புரதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. முறிவை இணைக்க ராட்51 வேண்டும். இந்த வேலை தவறினால் பிழைகள் சேரும். சேரச் சேர, உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றுநோயாகலாம்.

அந்த வேலையைக் கண்ணால் பார்க்க முடியுமா? பள்ளி நுண்ணோக்கியில் வெங்காயத் தோலின் உயிரணுக்கள் தெரியும், புரதம் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்காக்கினால் வரும் அளவைவிடச் சிறியவை சாதாரண ஒளியில் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். புரதமோ அதைவிடப் பல மடங்கு சிறியது. அதனால் விஞ்ஞானிகள் புரதத்துக்கே விளக்கு ஏற்றினார்கள்! ஜெல்லிமீனிடம் கிடைத்த பச்சை ஒளிர் புரதத்தை அதோடு இணைத்துவிட்டால், நீல ஒளி பட்டதும் அது பச்சையாக மின்னும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அசோக் வெங்கிட்டராமன். கேம்பிரிட்ஜில் அவரும் ஆனந்த் ஜெயசேகரனும் மற்றவர்களும் இப்படித்தான் பி.ஆர்.சி.ஏ.2-ஐ ஒளிரவைத்தார்கள். லேசரைச் சின்னஞ்சிறு புள்ளியாகக் குவித்து, புரதங்கள் அதைக் கடக்கும்போது உண்டாகும் மினுமினுப்பை அளந்தார்கள். மினுக்கம் நீடித்தால் நடை மந்தம். சட்டென மறைந்தால் வேகம். உயிரோடிருக்கும் உயிரணுவில், டி.என்.ஏ. முறிந்ததும் பி.ஆர்.சி.ஏ.2 வேகமெடுத்து, முன்னைவிட அதிகமாக ராட்51-ஐப் பற்றிக்கொண்டது. இது 2010-இல் வெளிவந்தது.

2013-இல் அவர்கள் கண்டது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அமினோ அமிலங்கள் என்ற கட்டுமானக் கற்கள் பி.ஆர்.சி.ஏ.2-இல் 3,418 உள்ளன. புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு மாற்றத்தில் ஒன்றே ஒன்று மட்டும் வேறுபடுகிறது. அதனால் டி.எஸ்.எஸ்.1 என்ற துணைப் புரதம் அதோடு சரியாக ஒட்டுவதில்லை. டி.எஸ்.எஸ்.1 மூடி வைத்திருந்த ‘வெளியேறு’ என்ற அடையாளம் வெளிப்பட, பி.ஆர்.சி.ஏ.2 டி.என்.ஏ. இருக்கும் உட்கருவை விட்டுப் போய்விடுகிறது; ராட்51-உம் உள்ளே தங்குவதில்லை. வீட்டுக்குள் குழாய் உடைந்திருக்க, பழுதுபார்ப்பவர் கேட்டுக்கு வெளியே நிற்பதுபோல!

நம் பெட்டாலிங் ஜெயாவுக்குப் பக்கத்தில், சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா இருக்கிறது. மலாய், சீன, இந்தியப் பெண்களிடம் இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் ஏற்படும் மாற்றங்களை அங்கே ஆராய்கிறார்கள். இத்தகைய மாற்றங்கள் பரம்பரையாக வரக்கூடும் என்பதால், உங்கள் குடும்பத்தில் பாட்டி, சின்னம்மா, அத்தை என யாருக்காவது இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கும்படி அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.