மேகம் எங்கே கலைந்தது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மேகம் கைக்கெட்டும். ‘மேகக் கணிமை’ எனப்படும் மேகமோ தொலைவிலுள்ள கட்டடங்களில் இயங்கும் கணினிகளே. தோட்டப் பள்ளி ஆசிரியர், பாடப்பக்கம் திறவாதபோது மலையையும் மழையையும் குறைகூறுமுன் ஆராய வேண்டுவன சில உள.

பிற தளங்களும் திறவாவிடில் கோளாறு அண்மையிலுள்ளது. வேறோர் இணைப்பில் முயன்று தெளியலாம். ஒரு தளத்தில் மட்டும் 503 என்னும் எண் தோன்றின், வழி நன்றே. விடைதர வேண்டிய இடத்தில்தான் தடை. தளத்தின் பெயரே அறியப்படவில்லையெனின், பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் ஏட்டை ஐயுறலாம்.

இவ்வேட்டுப் பிழை சிறிதன்று. 2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். மலேசிய நேரம் பிற்பகல் 2.48க்கு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் நிறுவனத்துத் தரவுத்தளச் சேவையொன்றின் முகவரிப் பதிவு வெறுமையாயிற்று. பதிவைத் திருத்தும் இரு நிரல்களுள் பின்தங்கியது பழைய பதிவை எழுத, மற்றது அதனைப் பழையதென்று அழித்துவிட்டது! கணினிகள் பழுதுறவில்லை, அவற்றின் முகவரியே மறைந்தது. மனிதர் தலையிட்டுச் சீர்செய்ய மாலை 5.25 ஆயிற்று, தொடர்விளைவுகளோ மறுநாள் விடியும்வரை நீடித்தன. இத்தகைய வேளையில் தோட்டத்திலுள்ளோர் இணைப்புப் பெட்டியை எத்தனை முறை அணைத்து ஏற்றினும் பயனில்லை.

நிறுவனத்தின் நிலைமைப் பலகையை மட்டும் நம்புதலும் தகாது. 2017 பிப்ரவரி 28இல் அதே நிறுவனத்தின் பலகை, பழுதுற்ற சேவையையே சார்ந்திருந்தமையால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நலமென்றே காட்டிற்று.