4 பவுன் எடை 4 கிலோ ஆகிறது! டயர் மாற்றியதும் மறக்கக் கூடாத வேலை

தேரோட்டியின் பெயரால் புகழ் பெற்ற இடம் சென்னை திருவல்லிக்கேணி. அங்கே கோவில் கொண்டிருக்கும் பார்த்தசாரதி, பார்த்தனாகிய அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்டியவர்.

சித்திரைத் திருவிழாவில் அவருடைய தேர் மாட வீதிகளில் அசைந்து அசைந்து வரும். அந்தத் தேர்ச் சக்கரத்தின் ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருந்தால்தான் என்ன? யாருக்கும் தெரியப் போவதில்லை. அவ்வளவு மெதுவாக அது உருளுகிறது.

அதே மாட வீதியில், வீட்டு வாசலில் நிற்கிறதே மோட்டார் சைக்கிள், அதன் கதை வேறு. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் சக்கரம் ஒரு நொடிக்குள் 11 முறை சுற்றி விடுகிறது!

இப்படிச் சுற்றும் சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் வண்டி உதறும்.

டயர் மாற்றிய பிறகு இதைச் சரிபார்ப்பதற்குத்தான் "வீல் பாலன்சிங்" என்று பெயர். அதாவது, சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது. கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரியும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம்

எடை சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய மோட்டார் சைக்கிள் கடைக்குப் போக வேண்டியதில்லை.

வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா? துணி பிழியும்போது கனமான போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு கொண்டால், இயந்திரம் முழுவதும் "தடதட" என்று ஆடும். துணியைப் பரப்பிப் போட்டால் ஆட்டம் நின்று விடும்.

இன்னொன்று, பிள்ளைகளே செய்து பார்க்கக் கூடியது. ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி விடுங்கள். அது நின்றதும், கீழே இருக்கும் இடத்தைப் பாருங்கள். மறுபடியும் சுற்றி விடுங்கள். பெரும்பாலும் அதே இடம்தான் கீழே வந்து நிற்கும். பல சைக்கிள்களில் அது காற்றடிக்கும் வால்வு இருக்கும் பக்கமாக இருக்கும்.

காரணம் என்ன? அந்தப் பக்கம் கனம் அதிகம். கனமான பக்கத்தைப் பூமி கீழே இழுக்கிறது.

இவ்வளவுதான் வீல் பாலன்சிங்கின் தத்துவம்!

புது டயரிலும் குறை உண்டா?

"புது டயர்தானே! அதில் எப்படி எடை கூடக் குறைய இருக்கும்?" என்று கேட்கலாம்.

டயர் ஒரே அச்சில் வார்த்த பொருள் அல்ல. நூல் இழைகள் பதித்த ரப்பர்த் தகடுகளை அடுக்கடுக்காகச் சுற்றி, பிறகு அச்சில் இட்டு வேக வைத்து டயர் செய்கிறார்கள். தகட்டின் இரு முனையும் சேரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அந்த இடம் சற்றுக் கனத்து விடும். இது தவறு அல்ல. செய்முறையின் இயல்பு.

சக்கரத்தின் ரிம்மிலும் அப்படித்தான். ரிம்மைப் பற்ற வைத்த இடம் கனமாக இருக்கலாம். வால்வு இருக்கும் இடம் கனமாக இருக்கலாம். இரண்டு கனமும் ஒரே பக்கம் சேர்ந்து கொண்டால் ஆட்டம் கூடும்.

அதனால்தான் சில கம்பெனிகள் டயரின் பக்கவாட்டில் சிறிய வண்ணப் புள்ளி ஒன்று வைக்கின்றன. "டயரில் எடை குறைந்த இடம் இது" என்பதற்கு அது அடையாளம். அந்தப் புள்ளி வால்வுக்கு நேராக வரும்படி டயரை மாட்டினால், பாதி வேலை முடிந்தது. டயரில் அம்புக்குறி இருந்தால், அது சக்கரம் சுற்ற வேண்டிய திசையைக் காட்டும். அதையும் கவனிக்க வேண்டும்.

மெதுவாகப் போனால் தெரியாது!

இந்தக் குறை ஒளிந்து கொள்ளும் குறை. சந்து பொந்துகளில் தலை காட்டாது. நெடுஞ்சாலைக்குப் போனதும் வெளிப்படும்.

ஒரு கணக்குப் பாருங்கள். சக்கரத்தின் ரிம்மில் ஒரு பக்கம் 32 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதாவது 4 பவுன் எடை. தாய்மார்கள் கழுத்தில் அணியும் ஒரு சங்கிலியின் கனம்தான்.

18 அங்குலச் சக்கரம் உள்ள மோட்டார் சைக்கிளில் அந்த 4 பவுன் செய்யும் வேலை இது:

20 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் கால் கிலோ பலத்துடன் சக்கரத்தை வெளியே இழுக்கும்.

40 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 1 கிலோ பலத்துடன் இழுக்கும்.

80 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 4 கிலோ பலத்துடன் இழுக்கும்!

வேகம் இரண்டு மடங்கு ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. இதுதான் இதிலுள்ள ஆபத்து.

கனமான இடம் மேலே வரும்போது சக்கரத்தை மேலே தூக்கப் பார்க்கும். கீழே வரும்போது தரையில் அழுத்தும். நொடிக்கு 11 முறை இப்படித் தூக்கித் தூக்கி அடித்தால் என்ன ஆகும்? கைப்பிடி நடுங்கும். டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத் திட்டாகத் தேயும். பேரிங் சீக்கிரம் கெடும். எல்லாவற்றிற்கும் மேலாக, டயர் தரையைப் பிடிக்கும் பிடிப்புக் குறையும்.

வாலாஜா சாலையிலும் பாரதி சாலையிலும் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு இது தெரியாது. "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் ஏற்றிக் கொண்டு, கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்குப் புறப்படுவார். 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம். அதற்குள் சக்கரம் 25 ஆயிரம் முறைக்கு மேல் சுற்றும். குறை அங்கேதான் வெளிவரும்.

எல்லா டயரிலும் 4 பவுன் வேறுபாடு இராது. ஆனால், 10 கிராம், 20 கிராம், 30 கிராம் என்று எடை வைத்துச் சமன் செய்ய வேண்டி வருவது சாதாரணம்.

டயரும் வண்டியும் பிறந்த நகரம்

மோட்டார் சைக்கிளுக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன.

அதே திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு சிறு கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் பழைய டயர்களுக்கு மேல் ஒட்டும் ரப்பர் செய்தார். 1961-ல் டயர் செய்யும் தொழிலில் இறங்கினார். அதுவே இன்றைய எம்.ஆர்.எப். பலூனில் தொடங்கிய தொழில் டயரில் வந்து நின்றது!

நகரின் வடகோடியில் வண்டியும் டயரும் பிறந்தன. திருவல்லிக்கேணிக்குப் பக்கத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் உதிரி பாகக் கடைகள் பெருகின. ஆகவே, சாமானுக்குப் பஞ்சமில்லை. கேட்டு வாங்கும் பழக்கம்தான் வர வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்?

கார் டயர் அகலமானது. அதன் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றி அளக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் டயர் குறுகியது. அதற்குச் சாதாரணத் தாங்கியே பெரும்பாலும் போதும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றிச் சேறு, மண், கல் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ரிம்மில் கோணல் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். டயர் ரிம்மில் சுற்றிலும் ஒரே அளவாகப் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு, சக்கரத்தின் நடுவே ஒரு தண்டைச் செருகி, இரண்டு தாங்கிகளின் மேல் வைக்கிறார்கள். பிரேக் உரசக் கூடாது. தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

மெல்லச் சுற்றி விட்டால், கனமான இடம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே சாக்பீஸால் குறி போடுகிறார்கள். அந்தக் குறியில் சிறிய எடைக்கட்டி ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டுகிறார்கள். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி விடுகிறார்கள். அது பழையபடி இறங்கினால் எடை போதாது. எடை வைத்த பக்கம் இறங்கினால் எடை அதிகம்.

இப்படிக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் விட்டாலும் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றால், சமன் ஆகி விட்டது என்று பொருள். தராசு முள் நடுவில் நிற்பது போல!

கடைசியில் எடையை நிலையாகப் பொருத்த வேண்டும். அலாய் சக்கரம் என்றால் ரிம்மை நன்றாகத் துடைத்து ஒட்டுகிறார்கள். கம்பி வைத்த சக்கரம் என்றால் கம்பியிலேயே எடையைக் கவ்வ வைக்கிறார்கள். எடை பிரேக்கில் இடிக்கக் கூடாது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த எடைக்கட்டிகள் ஈயத்தால் செய்தவையாக இருக்கலாம். ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு. ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் புதுக் கார்களில் ஈயக்கட்டி வைக்கத் தடை உண்டு. துத்தநாகக் கட்டி, இரும்புக் கட்டி வைக்கிறார்கள். கீழே விழுந்த கட்டியைக் குழந்தைகள் எடுத்து வாயில் வைக்க விடாதீர்கள்.

எல்லா ஆட்டமும் இதனால் அல்ல

தலைவலிக்கு நூறு காரணம் இருப்பது போல, வண்டி ஆடுவதற்கும் பல காரணங்கள் உண்டு. காற்றுக் குறைந்திருக்கலாம். ரிம் வளைந்திருக்கலாம். பேரிங் தேய்ந்திருக்கலாம். கைப்பிடியின் கீழே இருக்கும் கோன்செட் தளர்ந்திருக்கலாம். இவற்றைச் சரி செய்யாமல் எடைக்கட்டி மட்டும் ஒட்டினால் பயன் இல்லை.

ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓடும் வண்டிக்குப் பாலன்சிங் இல்லாமலே காலம் ஓடி விடலாம். நெடுஞ்சாலையில் போகிற வண்டிக்கு, முக்கியமாக முன் சக்கரத்துக்கு, இது அவசியம். எப்படி இருந்தாலும், வேக எல்லைப் பலகையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. புது டயர் போட்டதும், "பாலன்சிங் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

2. பஞ்சர் ஒட்டக் கொடுக்கும்போது, வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டயரைப் பழைய இடத்திலேயே மாட்டினால், முன்பு செய்த சமன் பெரும்பாலும் கெடாது.

3. ஒட்டிய எடைக்கட்டி விழுந்து விட்டதா என்று வண்டி துடைக்கும்போது பாருங்கள்.

4. குறிப்பிட்ட ஒரு வேகம் வந்ததும் கைப்பிடி நடுங்கத் தொடங்கினால், வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். மெல்லக் குறைத்து, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டயர் வாங்க ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். சமன் பார்க்கும் வேலைக்குத் தேவை ஒரு தண்டு, இரண்டு தாங்கி, சில கிராம் எடை, கொஞ்சம் பொறுமை. பின்னால் உட்கார்ந்து வரும் மனைவி மக்களுக்காக அந்தப் பொறுமை வேண்டும்.