மழையில் நனைந்த மின் இணைப்புகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்து ஓய்ந்ததும் கிணற்றுக் கொட்டகைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். வெயில் வந்து பெட்டியின் மேற்புறம் உலர்ந்தவுடனே ஸ்விட்சைப் போட்டுவிடுகிறார்கள். மேலே உலர்ந்தால் உள்ளேயும் உலர்ந்துவிட்டது என்று கருதுவது பெரும் பிழை. அதற்கு விலையாக மோட்டார் போகலாம், உயிரும் போகலாம்.

தூய நீரில் மின்சாரம் எளிதில் பாய்வதில்லை. ஆனால் கூரையிலிருந்து வழியும் நீர், தூசியையும் உப்பையும் உரத்தூளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்நீரே மின்சாரத்துக்கு வழியாகிறது. நீர் வற்றினாலும் உப்பு தங்கி, காற்றின் ஈரத்தை மீண்டும் இழுக்கிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. மும்முனை இணைப்பில் ஒரு முனை களிம்பேறித் தடைப்பட்டால், மற்ற இரண்டும் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்க நேர்ந்து மோட்டாரின் சுருள் எரிந்துவிடும். மோட்டார் எரிந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை.

முதலில் செய்யவேண்டியது மெயின் ஸ்விட்சை நிறுத்துவது. பின்னர் பியூஸ்களைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வேறொருவர் அறியாமல் போட்டுவிட இடமிராது. ஈரத் தரையில் நின்று ஸ்விட்சைத் தொடலாகாது. மெயின் ஸ்விட்சை நிறுத்திய பின்னும் மீட்டரிலிருந்து அதற்கு வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். மீட்டரோ மெயின் ஸ்விட்சோ நனைந்திருந்தால் அருகே செல்லாமல் மின்வாரியத்தாருக்குச் சொல்லியனுப்புவதே முறை.

இதற்கு மேற்பட்ட வேலை, உரிமம் பெற்ற மின் பணியாளருடையது. மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தறிந்த பின்னரே அவர் மூடியைத் திறப்பார். சேற்றுநீர் புகுந்த இணைப்புகளை நல்ல நீரால் கழுவித் துடைக்க வேண்டும். சேறு அப்படியே காய்ந்தால் உப்பும் உள்ளேயே நின்றுவிடும். டேப் சுற்றிய இணைப்புகளைப் பிரித்துவிட வேண்டும்; டேப்பின் உள்ளே நீர் பல நாள் தங்கும். மூடியைத் திறந்தபடியே வெயிலிலோ வெதுவெதுப்பான காற்றிலோ நன்றாக உலர்த்தலாம். தீ காட்டுதல் கூடவே கூடாது. களிம்பைத் தேய்த்து நீக்கித் திருகுகளை இறுக்க வேண்டும். பேக்கலைட்டின் மேல் கரிக்கோடு விழுந்திருப்பின் அதை உலர்த்திப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

உலர்ந்ததா என்பதற்குக் கண் சாட்சியாகாது. 500 வோல்ட் மெக்கர் கருவியால் சுருளுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளந்தால் குறைந்தது 1 மெகோம் காட்டவேண்டும். அதற்குக் குறைந்தால் ஸ்விட்சைப் போடாது மேலும் உலர்த்துவதே அறிவுடைமை.

மழை வருமுன் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கம்பி பெட்டிக்குள் மேலிருந்து இறங்கினால் நீரும் அதன் வழியே இறங்கும். கம்பியைப் பெட்டிக்குக் கீழே தாழ்த்தி, வளைத்து, அடிப்புறமாக நுழைத்தால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மெக்கர் கருவியை ஒவ்வொருவரும் வாங்குதல் இயலாது. சங்கத்தின் பொதுச்செலவில் ஒன்று வாங்கி, பருவமழைக்கு முன்னும் பின்னும் அங்கத்தினர்களின் மோட்டார்களைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்காகவன்றோ நாம் சங்கம் வைத்திருக்கிறோம்!