பிரதிநாயகர்கள் – 11: நிலைக்காத புதியவர்கள்

சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளில் மாதந்தோறும் புதிய வில்லன்கள் பிறந்துகொண்டிருந்தும், வாசகர் நெஞ்சில் நிலைபெற்றவர்களை எண்ணப் புகுந்தால், 1940-இல் தோன்றிய ஜோக்கரும் லெக்ஸ் லூதரும், 1962-இல் தோன்றிய டாக்டர் டூமும், அதற்கடுத்த ஆண்டில் தோன்றிய மாக்னெட்டோவுமே முன்வந்து நிற்கிறார்கள். 1993-இல் பேட்மேனின் முதுகெலும்பை முறித்த பேனுக்குப் பிறகு அந்த வரிசையில் ஐயமின்றிச் சேர்க்கத்தக்கவர் மிகச் சிலரே. கற்பனை வறண்டுவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது எனக்குச் சம்மதமன்று. வறண்டது கற்பனையல்ல, அவகாசம்.

வேங்கிக்காலைச் சூழ்ந்த எங்கள் திருவண்ணாமலைச் சீமையில், திரௌபதியம்மன் கோயில்களின் பாரத விழாவை விடிய விடியக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செய்யாற்றை அடுத்த புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் முதலியோர் பேணி வளர்த்த தெருக்கூத்தில் துரியோதனன் சட்டென்று வந்து நிற்பதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடி, கிரீடமும் புஜக்கட்டையும் சிறிது சிறிதாகத் தெரிய, கட்டியங்காரன் கேட்கக் கேட்கத் தன் குலத்தையும் கொற்றத்தையும் தானே எடுத்துரைத்த பின்னரே அவன் களத்தில் இறங்குகிறான். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கள் நகர, சூதாட்டத்தில் அவனுடைய வஞ்சத்தையும், துகிலுரிதலில் அவனுடைய கொடுமையையும், கர்ணனிடத்தில் அவனுக்கிருந்த சிநேகத்தையும் ஜனங்கள் அணுஅணுவாக அறிகிறார்கள். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் சமைத்த அவனுடைய பிரம்மாண்ட உருவத்தின்மீது பீமன் தொடையில் அடிப்பதையும் திரௌபதி கூந்தல் முடிவதையும் ஆரவாரத்தோடு பார்ப்பவர்களே, அவனுக்காக எழும் ஒப்பாரியைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். வெறுப்பும் இரக்கமும் இவ்வாறு ஒருங்கே விளைய, எத்தனை இரவுகள் வேண்டியிருக்கின்றன!

புதிய காமிக்ஸ் வில்லனுக்கோ ஐந்தாறு இதழ்கள் கிடைத்தால் அதிகம். அதற்குள் அவன் தோற்கிறான், எழுத்தாளர் மாறுகிறார்; அடுத்து வருபவர், விற்பனைக்கு உறுதியளிக்கும் ஜோக்கரையே மீண்டும் அழைக்கிறார். அந்த ஜோக்கரும் தோன்றிய முதல் இதழிலேயே மடிந்திருக்க வேண்டியவன். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வர்த் அவனைப் பிழைக்கவைத்தமையால், திரும்பத் திரும்ப வந்து வளர்ந்தான்.

இன்னொரு தடையும் உண்டு. சூப்பர்மேனைச் சிருஷ்டித்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் அதன் உரிமையை 130 டாலருக்கு விட்டுக்கொடுத்த அநியாயம் பின்வந்த எழுத்தாளர் அனைவரும் அறிந்தது. 1992-இல் இமேஜ் காமிக்ஸ் தோன்றி, படைத்தவருக்கே உரிமை என்ற வழி தெளிவான பிறகு, தம் மிகச் சிறந்த புதுப் பாத்திரத்தை மனமுவந்து பெரிய நிறுவனங்களுக்குக் கொடுப்பவர் யார்? அவ்வாறு கொடாத எழுத்தாளர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அதே சீகல் பிற்காலத்தில் பிரிட்டிஷ் வார இதழொன்றுக்கு எழுதிய ஸ்பைடர், சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ்ச் சிறுவர்களின் ஆதர்சமானான். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தோன்றி, நாளடைவில் நல்லவர்களின் பக்கம் சேர்ந்தவன் அவன். அதன் பின்னரும், 1988-இல் பயங்கர வில்லனாக முழு வடிவம் பெற்ற வெனம், வாசகர் அபிமானம் பெருகியதும் தனிப் பத்திரிகைக்குரிய நாயகனாக்கப்பட்டான். ஹார்லி க்வின்னும் அவ்வழியே சென்றாள். இவ்விதம், வேரூன்றும் வில்லனும் வில்லனாக நீடிக்க விடப்படுவதில்லை.

இந்தச் சூழலிலும், ஜேசன் ஆரன் என்ற ஒரே எழுத்தாளர் 2012-இல் தொடங்கித் தோர் கதையில் இதழ்தோறும் பொறுமையாக வளர்த்தெடுத்த கோர் நிலைபெற்றான். கடவுளரைத் தொழுது, பிள்ளைகளைப் பறிகொடுத்து, எந்தப் பிரார்த்தனைக்கும் பதில் வராமையால் அக்கடவுளரையெல்லாம் கொல்லப் புறப்பட்டவன் அவன். கிரிவலம் வரும் இலட்சக்கணக்கானோரின் வேண்டுதல்களைச் சுமந்து நிற்கும் இந்த ஊரில், அவனுடைய கோபத்தைப் பக்தர்களும் புரிந்துகொள்வார்கள் என்பதே என் நம்பிக்கை.