அவசரத்துக்குத்தான் காசு

ஹீத்ரோவில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததுமே லண்டன் தன் விலைப்பட்டியலை நீட்டிவிடுகிறது. ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் போனால் கால்மணி நேரத்தில் நகரம்; 25 பவுண்டு. எலிசபெத் லைனில் அரைமணிக்குக் கொஞ்சம் மேல். 13 பவுண்டுக்கு மேல். பிக்காடில்லி லைன் என்ற பழைய பாதாள ரயிலில் ஒரு மணி நேரம். 5 பவுண்டு 60 பென்ஸ். 2024 செப்டம்பரில் நான் பார்த்த விலை இது. முப்பத்து மூன்று வருஷம் கும்பகோணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இந்த மூன்று வரி போதும். இந்த ஊர் அவசரத்துக்குத்தான் காசு வாங்குகிறது. நான் ஓய்வுபெற்றவள். எனக்கு என்ன அவசரம்?

ஆனால் மிச்சம் பிடிக்கும் புத்தி முதல் கதவிலேயே முட்டிக்கொண்டது. அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தனியாகச் சீட்டு வாங்க வேண்டாம். வங்கிக் கார்டை மஞ்சள் வட்டத்தில் காட்டினால் போதும் என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். காட்டினேன். சிவப்பு விளக்கு. நம்மூர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தொடாமல் காட்டிச் செலுத்தும் வசதியையும் நாமாகத்தான் இயக்கிவைக்க வேண்டும். 2020-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அது. அங்கே நின்றுகொண்டு இயக்கலாமென்றால் ஓடிபி வர வேண்டும், என் சிம்மில் ரோமிங் இல்லை. கைக்காசைக் கொடுத்துக் காகிதச்சீட்டு வாங்கினேன்; ஒரு பவுண்டுக்கு மேல் தண்டம். அப்புறம் ஒருவழியாகக் கார்டை இயக்கினேன். நீங்கள் அதைச் சென்னையிலேயே இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே பஸ்ஸில் காசு வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். கார்டு இல்லாவிட்டால் படியில் கால் வைக்க முடியாது.

நகர மையத்தில் அறை தேடினால் ஒரு நாள் வாடகையில் இங்கே ஒரு மாத மளிகை வாங்கலாம். ஈஸ்ட் ஹாமுக்கும் மேனர் பார்க்குக்கும் நடுவில், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வீட்டு மாடியறை இரவுக்கு 30 பவுண்டுக்குக் கிடைத்தது. சமையலறையை நானும் பயன்படுத்தலாம். அறையைவிட எனக்கு அதுதான் முக்கியம். முதல் நாள் காலை நான் டியூப் ரயில் வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“ஏன் பிள்ளை நிலத்துக்குக் கீழாலை போறியள்? 25 பஸ்ஸைப் பிடியுங்கோ. மேல் தட்டிலை முன் சீற்றிலை இருந்து பாத்துக்கொண்டு போகலாம். ஒண்டே முக்கால் பவுண்டுதான்.”

லண்டனில் நான் கேட்ட யோசனைகளிலேயே சிறந்தது அதுதான். மாடிப் பேருந்தின் முன் இருக்கைக்கு எந்தச் சுற்றுலா வண்டியும் ஈடில்லை. தமிழ்க் கடைகளைத் தாண்டினால் 2012 ஒலிம்பிக் நடந்த ஸ்ட்ராட்ஃபோர்ட். பிறகு மைல் எண்ட். வொயிட்சாப்பலில் பெரிய மசூதியும் நடைபாதைச் சந்தையும். அதன்பின் சட்டென்று கண்ணாடிக் கோபுரங்களும் வங்கிகளும், கடைசியில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம். ஏழை லண்டனிலிருந்து பணக்கார லண்டனுக்கு வரிசையாகப் பாடம் எடுத்ததுபோல் இருந்தது.

பஸ் கட்டணத்தில் இன்னொரு சூட்சுமம். முதல் பஸ்ஸில் கார்டைக் காட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது கட்டணம் கிடையாது. நாள் முழுக்க எத்தனை பஸ் ஏறினாலும் அப்போது 5 பவுண்டு 25 பென்ஸுக்கு மேல் பிடிக்கவில்லை. முதல் நாள் போக்குவரத்து நெரிசலில் 25-ஆம் எண் ஒரு மணி நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி ஒண்டே முக்கால். மறுநாளிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிறதென்றால் நடுவழியிலேயே இறங்கி மாறினேன். மகன் போனில் சிரித்தான். சிரிக்கட்டும்.

லண்டனின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் உண்டியல் மட்டும் இருக்கும். நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்திப் பூக்களின் முன்னால் அரைமணி உட்கார்ந்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திப்பு சுல்தானின் மரப்புலி, வெள்ளைக்காரச் சிப்பாயின் கழுத்தைக் கவ்வியபடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்து வந்தது. அதைச் சுற்றி ஆங்கிலேயப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இரண்டு நாள் போனேன். இரண்டாம் நாள் முழுக்க இந்தியப் பகுதிக்கு. அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே தனியறையில் இருக்கின்றன. அதே ஸ்தூபியின் மற்றக் கற்கள் நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில். எழும்பூரில் சீட்டு வாங்கிப் பார்த்தேன். அங்கே இலவசமாகப் பார்த்தேன். எடுத்துப்போன பொருளைக் காட்டக் காசு வாங்காததைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்திலேயே சோழர்காலத்து நடராசர். இன்றைக்கும் வெண்கலம் வார்க்கும் சுவாமிமலை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரந்தான். கை தானாகக் கும்பிட்டது. காவலர் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

செயின்ட் பால்ஸை உள்ளே சுற்றிப் பார்க்க அப்போது 25 பவுண்டு. மாலை ஐந்து மணி வழிபாட்டுக்குப் போனால் ஒன்றும் கிடையாது. ஆனால் அது வழிபாடுதான். போட்டோ எடுக்கக் கூடாது, சுற்றித் திரியக் கூடாது. குவிமாடத்தின் கீழ் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பாடகர் குழுவைக் கேட்டேன். வேற்று மதமென்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

தேம்ஸ் நதியில் படகுச் சவாரி விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவளுக்கு, வீட்டுக்கார அம்மா வூல்விச் ஃபெர்ரியைச் சொன்னார். ஊரின் கிழக்கே, வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே 1889-லிருந்து ஓடும் கப்பல் அது. லாரியும் காரும் ஏறும், ஆளும் ஏறலாம். கட்டணம் யாருக்கும் கிடையாது. சில நிமிஷப் பயணந்தான். போனேன், அக்கரையில் இறங்கினேன், அடுத்த நடையில் திரும்பினேன், மறுபடி போனேன். மூன்றாவது தடவை கயிறு போடும் ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காற்று முகத்தில் அடிக்க, மேற்கே வெள்ளத்தைத் தடுக்கும் தேம்ஸ் பேரியரின் வெள்ளிக் கூரைகள் மின்னின. லண்டனில் எனக்குப் பிடித்த ஒரு மணி நேரம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூட ஒரு சுற்றுலாப் பயணிகூட இல்லை.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனேன். பால் பொருள்களுக்கு அனுமதியில்லை என்பதால் நெய் கிடையாது. அரிசியும் காய்கறியும் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் வாங்கினேன். மதியத்துக்குப் புளியோதரை டப்பா, பூங்கா பெஞ்சு. சமைக்கச் சலிப்பாக இருந்த இரண்டு நாள், சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைக்கும் ரொட்டியும் பழமும். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாள் டீ குடித்தேன். அந்த விலையை நோட்டில் எழுதியபின் ஃபிளாஸ்க் வாங்கிவிட்டேன். கழிவறைக்கு அலைய வேண்டாம்: வாட்டர்லூ, சேரிங் கிராஸ், கிங்ஸ் கிராஸ் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் 2019-லிருந்து காசு வாங்குவதில்லை. என் வயதில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு நடராசரைவிட முதலில் தேவைப்படும் தகவல் இது.

நுழைவுச்சீட்டு என்று நான் கொடுத்தது ஒரே ஒரு 8 பவுண்டு. ராயல் ஆல்பர்ட் ஹாலில் ப்ராம்ஸ் என்ற இசைவிழா, கோடை தொடங்கிச் செப்டம்பர் வரை நடக்கும். அன்றைக்குக் காலையில் நின்று கேட்கும் சீட்டு விற்பார்கள். மேல் மாடத்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். அங்கே பாதிப்பேர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கண்மூடிப் படுத்தேவிட்டார். மார்கழியில் சபாக்களின் இலவச மத்தியானக் கச்சேரிக்குப் பழகியவளுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. கேன்டீன்தான் இல்லை.

டவர் ஆஃப் லண்டன் உள்ளே போகவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபே போகவில்லை. லண்டனின் பெரிய ராட்டினத்தில் ஏறவில்லை. இதில் டவரை விட்டதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஒளித்துச் சொல்வானேன்.

நோட்டுக் கணக்கு: ஏழு இரவு அறை 210 பவுண்டு. விமான நிலைய ரயில் போகவர 12.30. பஸ் 24.50. சாப்பாடும் ஃபிளாஸ்க்கும் 62. கச்சேரி 8. உண்டியல் 5. மொத்தம் 321.80. கார்டுக் கமிஷனோடு ஏறத்தாழ 36,000 ரூபாய். விமானத்துக்கும் விசாவுக்கும் ஆன செலவைச் சேர்த்தால் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. ஏலச்சீட்டில் எடுத்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று.

கையில் சில்லறையாக 3 பவுண்டு 20 பென்ஸ் மிஞ்சிவிட்டது. ஹீத்ரோவில் அதற்கு உருப்படியாக எதுவும் வாங்க முடியவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது. இந்த வருஷம் போகிற டீச்சர்கள் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஃபிளாஸ்க்கையும் தருகிறேன், அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.